தண்ணி லாரியைப் பார்க்கும் தபால்தலை

அவன் வரைந்த படம் நாட்டில் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கிறது. ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை.

தபால் உறையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, உள்ளே 'இங்கே ஒட்டவும்' என்று எழுதியிருக்குமே, அது அவன் கைவேலை. உறையை யாராவது பயன்படுத்தினால் அதன்மேல் ஒரு தபால்தலை ஏறி உட்கார்ந்துகொள்ளும். பயன்படுத்தாவிட்டால் உறை மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடக்கும். எப்படிப் பார்த்தாலும் இருட்டுதான்.

"உலகத்துலயே எச்சி பட்டு மறையுற ஓவியம் உன்னுது ஒண்ணுதான்டா" என்பாள் அக்கா.

தலைமைத் தபால் நிலையத்தின் மாடியில் தபால்தலைப் பிரிவு இருந்தது. மூன்று அறைகள், ஒரு நீள நடை. நடையின் இரண்டு பக்கமும் கட்டுக்கட்டாகப் பழைய கோப்புகள். கடைசி அறையில் ஜன்னலை ஒட்டி அவனுடைய சாய்வு மேசை. பதினொரு வருடமாக அந்த மேசையில் அவன் உறைக் கட்டம், முத்திரை வளையம், பதிவுத் தபால் சீட்டின் ஓரக்கோடு, படிவங்களுக்கு நடுவே வரும் பட்டை என்று வரைந்துகொண்டிருந்தான். தபால்தலைகளை வெளியிலிருந்து வரும் பெரிய ஓவியர்கள் வரைந்தார்கள். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே 'கட்டம்' என்று ஆகிவிட்டது. பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் விடுபடும்போதெல்லாம், "கட்டத்துக்கே கட்டம் சரியில்லப்பா" என்று யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அதே நகைச்சுவைக்குப் பதினொரு வருடம் சிரிப்பதும் ஒரு உத்தியோகம்தான்.

அவன் அப்பா ரயில் நிலையத்தில் தபால் மூட்டை தூக்கியவர். அக்கா பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவர்கள் பேட்டையிலிருந்த கிளைத் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்தவள். இருபத்தைந்து வருடமாக அதே நாற்காலி. குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போனவன் அவன் ஒருவன். ஓவியத்தில் பட்டம் வாங்கினான். ஆக மொத்தம், மூட்டை தூக்கியவர் ஒருவர், தபால்தலை விற்றவள் ஒருத்தி, அதை எங்கே ஒட்டுவது என்று காட்டியவன் ஒருவன். 'சதுரம் வரைவதற்குப் பட்டம் எதற்கு?' என்ற கேள்வி மட்டும் பல் இடுக்கில் மாட்டிய நார்போல அவனுக்குள் நெருடிக்கொண்டே இருந்தது. நாக்கால் தள்ளினால் போகாது, விட்டாலும் விடாது.

அந்தச் சமயத்தில்தான் நாட்டுக்கு எழுபத்தைந்து வயது நெருங்கியது.

எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவுத் தபால்தலைக்கு ஒரு பெரிய ஓவியரை அமர்த்தியிருந்தார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் குழு ஒன்று இருந்தது. வேளாண்மைத் துறை டிராக்டர் கேட்டது. மீன்வளத் துறை படகு கேட்டது. சுகாதாரத் துறை செவிலி இல்லாமல் நாடு ஏது என்றது. மின்சாரத்துக்கு அணைக்கட்டு, கல்விக்குக் கரும்பலகை, யாருக்கென்றே தெரியாமல் ஒரு ராக்கெட். பெரிய ஓவியர் யார் மனதையும் புண்படுத்தவில்லை. நாற்பத்திரண்டு பேரை வரைந்து ஒரு சுவரளவு படத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். போகும்போது கட்டத்தின் மேசையிலிருந்த குறுக்குக் கண்ணாடியையும் இரவல் வாங்கிப் போனார். பெரிய படத்தைச் சின்னதாக்கிக் காட்டும் கண்ணாடி அது. அதோடு அது திரும்பவில்லை.

அந்தப் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி அச்சடித்துப் பார்த்தபோது, பிரிவின் இயக்குநர் அம்மாள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என்னங்க இது, சர்க்கரை டப்பாவ மூட மறந்த மாதிரி இருக்கு?"

எறும்புதான். நாற்பத்திரண்டு எறும்பு. ராக்கெட் மட்டும் ஒரு பெரிய எறும்பு.

அச்சகத்துக்குப் படம் போக ஒன்பது நாள் மிச்சம். இயக்குநர் நடையில் மேலும் கீழும் நடந்தார். கடைசி அறை வாசலில் நின்றார்.

"கட்டம், உங்களுக்கு மனுஷங்க வரைய வருமா?"

"படிச்சது அதுதான் மேடம்."

"ஒரு ஆள் போதும். ஒரே ஒரு ஆள். நாடு முழுக்க அந்த ஆள்ல தெரியணும். ஒன்பது நாள்."

"வரைஞ்சுடலாம் மேடம்."

"தகவல் மடிப்புல 'வடிவமைப்பு'ன்னு போட்டு உங்க பேர் வரும்."

தகவல் மடிப்பு என்பது ஒவ்வொரு தபால்தலையோடும் வெளியிடும் ஒரு மடித்த தாள். தபால்தலையின் கதை, எத்தனை அச்சடித்தார்கள், எங்கே அச்சடித்தார்கள் எல்லாம் இருக்கும். கடைசி வரியில் வரைந்தவர் பெயர். அந்தக் கடைசி வரிக்காக அவன் பதினொரு வருடம் காத்திருந்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனான்.

ஒரு ஆள் என்று சொல்லிவிடலாம். யார் அந்த ஆள்? இரண்டு நாள் வரைந்து வரைந்து கிழித்தான். கையில் கதிரோடு ஒருவர், கையில் புத்தகத்தோடு ஒருவர். எல்லாரும் பல் வலியைப் பொறுத்துக்கொண்டு சிரிப்பவர்களாக வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் காலை, அக்கா வீட்டுக்கு மேலே தான் குடியிருந்த மாடியில் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். கீழே வாசல் கேட்டில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணி லாரி வரும். வரும் என்றால், வரும்போது வரும். அக்கா கேட்டருகே நின்று, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையை நெற்றியில் கூரைபோல வைத்து, தெருக்கோடியைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருக்கும், சந்தேகம் இருக்கும், வராவிட்டால் யாரை என்ன கேட்பது என்ற தீர்மானம் இருக்கும். காலடியில் ஆறு குடம்.

அவன் பல் தேய்ப்பதை நிறுத்தினான். வாயில் நுரையோடு உள்ளே ஓடி, கையில் கிடைத்த ஒரு படிவத்தின் முதுகில் வரைந்தான். குடங்களை மட்டும் விட்டுவிட்டான். குடங்கள் போனதும் அந்தப் பெண் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சிக்கல் இருந்தது. உயிரோடு இருப்பவர் உருவம் தபால்தலையில் வரக்கூடாது. அது அந்தத் துறையின் தலையாய விதி. அமைச்சரானாலும் சரி, மூச்சு இருக்கும் வரை இடமில்லை. வரைபவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: 'இதிலுள்ள உருவம் உயிருடன் உள்ள எவரையும் குறிப்பதன்று.' மீறினால் தபால்தலையைத் திரும்பப் பெறுவார்கள். வரைந்தவன் கட்டத்துக்குத் திரும்புவான். அதுவும் வேலை மிஞ்சினால்.

ஆனால் அதற்கு வழி இருக்கிறது என்று அவன் நினைத்தான். தபால்தலையை அதன் அளவில் யாரும் வரைவதில்லை. ஆறு மடங்கு பெரிதாக வரைவார்கள். ஆறு மடங்குத் தாளில் அவன் அக்காவைக் கலைக்க ஆரம்பித்தான். மூக்குக் கண்ணாடியை எடுத்தான். தாடையிலிருந்த மச்சத்தை அழித்தான். சப்பை மூக்கைச் சற்றே தூக்கினான். வயதில் பத்தும் எடையில் பத்தும் குறைத்தான். விலை எண்ணுக்கு வலப்பக்கம் இடம் வேண்டியிருந்ததால் படத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பிவிட்டான். முடித்துப் பார்த்தபோது அது யாரோ ஒரு பெண். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டான்.

ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை. எந்தப் படத்தையும் நடையின் ஒரு கோடியில் குத்திவிட்டு, மறு கோடிக்கு இருபது அடி நடந்து போய்த் திரும்பிப் பார்ப்பது வழக்கம். குறுக்குக் கண்ணாடி இல்லாதபோது அதுதான் கண்ணாடி. சின்னதானால் எப்படித் தெரியும் என்று அப்போதுதான் புரியும். உறைக் கட்டத்துக்கே அவன் இருபது அடி நடந்தவன். இந்தப் படத்துக்கு நடக்கவில்லை. நேரமில்லை என்பது அவன் பின்னால் சொல்லிக்கொண்ட காரணம். உண்மை என்னவென்றால், அந்தப் படத்தை விட்டு மூக்கை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

குழு கூடியது.

"இந்தப் பொண்ணு எதைப் பார்க்குது?" என்றார் வேளாண்மை.

"எதிர்காலத்தை சார்."

"வயல் பக்கமா பார்க்குதா?"

"பார்க்கலாம் சார்."

அவர் திருப்தியாகச் சாய்ந்தார். மீன்வளத்துக்காரர் அவள் கடலைப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். சுகாதாரம், அந்த நிமிர்ந்த முதுகு நல்ல ஊட்டச்சத்தின் அடையாளம் என்றது. ராக்கெட் கேட்டவர் மட்டும், "கொஞ்சம் மேல பார்த்தா நல்லாருக்கும்" என்று முனகினார். ஒருவருக்கும் தண்ணி லாரி தோன்றவில்லை. படம் தேறிவிட்டது.

மூன்று வாரம் கழித்து அச்சகத்து மேற்பார்வையாளர் வந்து, ஒரு கெட்டி உறையை அவன் மேசையில் வைத்தார். "பத்து லட்சம் ஓடி முடிஞ்சுது. வழவழன்னு வந்திருக்கு. பாருங்க."

அவன் ஒரு தபால்தலையைக் கிழித்து உள்ளங்கையில் வைத்தான்.

அக்கா அங்கிருந்து பார்த்தாள்.

கண்ணாடி எடுத்ததும் தெரியவில்லை, மச்சம் அழித்ததும் தெரியவில்லை. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் மூக்குக்கு ஏது நீளம்? அவன் அத்தனை நாள் உயிரைக் கொடுத்து மாற்றியதெல்லாம் சுருங்கி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. மிஞ்சியது இடுப்பில் ஊன்றிய கை, நெற்றிக் கூரை, வரட்டும் ஒரு கை பார்க்கிறேன் என்ற அந்த நிற்பு. முகத்தை மாற்றியவன் நிற்பை மாற்றவில்லை. உருவம் சிறுக்கச் சிறுக்கச் சாயல் பெருத்துவிட்டது.

"என்ன சார், சந்தோஷத்துல பேச்சு வரலையா?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆமாங்க" என்றான். இரண்டாவது பாதி உண்மை.

ஒருவேளை தனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதோ என்று ஒரு நப்பாசை. வீட்டில் அக்கா இல்லாத நேரம் பார்த்து மாமாவிடம் காட்டினான். மாமா, அக்காவின் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தூரத்திலிருந்தே ஆள் அடையாளம் சொல்லும் கண். கைநீளத்தில் பிடித்து ஒரு விநாடி பார்த்தார்.

"அடப்பாவி, எப்படா போனா?"

"யாரு மாமா?"

"உங்கக்கா. செத்தாத்தானே ஸ்டாம்புல போடுவீங்க? காலையில எனக்கு டீ போட்டுக் குடுத்தாளே! அது யாரு அப்போ?"

"மாமா, சத்தம் போடாதீங்க. விஷயம் வெளிய போனா என் வேலை போயிடும்."

மாமா சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் மட்டும் குலுங்கியது. "வேலை போறது இருக்கட்டும். வெளியீட்டு நாள்ல இத விக்கப் போறது யாரு? அவளே கவுண்டர்ல உக்காந்து அவளையே கிழிச்சுக் கிழிச்சுக் குடுக்கப் போறா. பேட்டையே வரிசையில நிக்கும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டா, ஜனங்க இத ஒரு தடவ பார்ப்பாங்க, அத ஒரு தடவ பார்ப்பாங்க."

அவன் அதுவரை அதை நினைக்கவே இல்லை.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவன் அக்காவைத் திருத்த முயன்றான்.

முதலில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தான். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைக்க வேண்டியதில்லையே. அக்கா அதை மாட்டிக்கொண்டு, அதற்கு மேலே கையை வைத்துத் தெருக்கோடியைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்குக்கா கை?"

"கை வச்சாத்தான் லாரி தெரியும்."

பிறகு, இடுப்பில் கை வைத்து நிற்பது முதுகெலும்புக்குக் கெடுதல் என்று எங்கோ படித்ததாகச் சொன்னான்.

"வலிக்குது, வச்சுக்கிறேன். உனக்கு எங்க வலிக்குது?"

கடைசியில் நேரடியாகவே கேட்டான். "அக்கா, வெளியீட்டு நாளைக்கு லீவு போட்டுடேன். மாமாவோட எங்கயாவது போயிட்டு வா."

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஏன்டா, பதினோரு வருஷம் கழிச்சு என் தம்பி பேர் போட்டு ஒரு ஸ்டாம்பு வருது. அத முதல் ஆளா விக்கறதுக்கு நான் இல்லாம பக்கத்து சீட்டு தூங்குமூஞ்சி விக்கணுமா? அவன் ஓரத்துப் பல்லெல்லாம் உடையற மாதிரி கிழிச்சு நாசம் பண்ணிடுவான்." கத்தி மறுபடி ஓடியது. "இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு முதல் நாள் விற்பனைக்கும் நான் லீவு போட்டதில்ல. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? படம் நல்லா வரலையா?"

"ரொம்ப நல்லா வந்துடுச்சுக்கா."

"அப்புறம் என்ன கேடு?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. விதி அவளுக்கும் தெரியும். கவுண்டர் சுவரில் அவளே ஒட்டி வைத்திருக்கிற விதி. 'என்னைச் செத்தவள் கணக்கில் சேர்த்துவிட்டாயா?' என்று கேட்டாலும் தாங்கிக்கொள்ளலாம். 'எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டாயா?' என்று கேட்டால் என்ன சொல்வது? அவன் ஒரு காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டான்.

வெளியீட்டு நாளன்று அலுவலகத்துக்குப் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளைத் தபால் நிலையத்துக்குப் போனான். வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மாமா வரிசையில் முதல் ஆள். அவருக்கு வாழ்க்கையில் கடிதம் எழுதும் பழக்கமே கிடையாது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தபால்தலைத் தாளை மேசை விளிம்பில் வைத்து, நூல் பிடித்ததுபோலக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது ஆள் ஒரு தையல்கார அம்மாள். தபால்தலையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடி தபால்தலையைப் பார்த்தாள்.

"என்னங்க, உங்கள மாதிரியே இருக்கு!"

"எது?"

"இந்தப் படம். நீங்க கேட்டுல நிக்கற மாதிரியே."

அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். "இதுவா? நானா? இவ இடுப்பப் பாருங்க, என் இடுப்பப் பாருங்க. நகருங்க, நகருங்க, அடுத்தாளு."

வரிசை கழுத்தை நீட்ட ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "அவங்க தம்பிதானே வரைஞ்சது!" என்றது. இன்னொரு குரல், "அக்காவ ஸ்டாம்பாக்கிட்டான்டா!" என்றது. சிரிப்பு எழுந்தது. தூணுக்குப் பின்னால் நின்றிருந்த அவனுக்குக் காது மடல் சுட்டது.

"சத்தம் போடாதீங்க!" அக்காவின் குரல் சிரிப்பை வெட்டியது. "தம்பி வரைஞ்சா அக்காவத்தான் வரையணுமா? தையக்காரர் தைக்கிற சட்டையெல்லாம் அவர் அளவுக்கா தைக்கிறார்? இப்படி ஒருத்தி எங்கயாவது நிப்பாளா, ஊரையே விலைக்கு வாங்க வந்தவ மாதிரி? எனக்கு இப்படியெல்லாம் நிக்கத் தெரியாது."

மாமா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அப்படியா, அவளுக்குத் தெரியவே இல்லையா? அவன் யோசித்தான். யார்தான் தான் தெருவைப் பார்க்கும்போது எப்படி நிற்கிறோம் என்று பார்த்திருக்கிறார்கள்? பேட்டைக்கே தெரிகிற உருவம் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாமல் போவது நியாயம்தான். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் ஏனோ ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் 'பூதக்கண்ணாடி' உள்ளே வந்தார்.

அவர் தபால்தலை சேகரிப்பவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எப்போதும் சட்டைப் பையில் ஒரு லென்ஸ். துறை வெளியிட்ட தபால்தலைகளில் நான்கு பிழை கண்டுபிடித்து எழுதிப் போட்டு, அதில் இரண்டைத் திரும்பப் பெறவே வைத்தவர். தலைமை அலுவலகத்தில் அவர் கடிதம் வந்தால் இயக்குநர் அம்மாள் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பிரிப்பார். அவர் வந்ததும் வரிசை தானாக விலகி வழிவிட்டது.

ஒரு தபால்தலை, ஒரு தகவல் மடிப்பு வாங்கினார். மடிப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி வரி வரை நின்றபடியே படித்தார். அந்தக் கடைசி வரியை உலகத்தில் யாராவது படிக்க வேண்டும் என்று பதினொரு வருடம் ஏங்கியவன், இவர் மட்டும் படிக்காமல் இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டான்.

"வடிவமைச்சவர் உங்க தம்பியா?"

"ஆமா சார்" என்றாள் அக்கா.

"சாயல் இருக்குன்னு பேசிக்கிறாங்களே."

"ஜனங்க மேகத்துல யானையப் பார்ப்பாங்க சார்."

"அந்தத் தம்பி இங்க இருக்காரா?"

வரிசை முழுவதும் தூணைக் காட்டிக் கொடுத்தது. அவன் வெளியே வந்தான்.

"உயிரோட இருக்கறவங்க இல்லேன்னு கையெழுத்துப் போட்டிருப்பீங்களே?"

"போட்டேன் சார்."

அவர் மேசைமேல் தபால்தலையை வைத்தார். லென்ஸை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். "ஆறு மடங்கு காட்டும். ஜெர்மன் கண்ணாடி" என்று யாரும் கேட்காமலே சொன்னார். குனிந்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். வாத்தியார் பையனைப் பார்க்கிற பார்வை. மறுபடி குனிந்தார்.

"கண்ணாடி போடல" என்றார்.

வரிசை ஓர் அடி முன்னால் வந்தது.

"தாடையில மச்சம் இல்ல. உங்களுக்கு இருக்கு. மூக்கு... இது எடுப்பான மூக்கு. உங்களுது, தப்பா நினைக்காதீங்கம்மா..."

"சப்பை மூக்கு சார். தாராளமா சொல்லுங்க" என்றாள் அக்கா.

"வயசும் ஒத்து வரல." லென்ஸை மூடினார். "இது இவங்க இல்ல. வெறுங்கண்ணால பார்த்துட்டு ஆளாளுக்குப் பேசக்கூடாது. எதையும் பெருசாக்கிப் பார்த்தாத்தான் உண்மை தெரியும்."

ஆறு மடங்கில் வரைந்ததை ஆறு மடங்கில் பார்த்திருக்கிறார். அவன் கலைத்து வைத்த அந்த யாரோ ஒரு பெண் அவருடைய லென்ஸுக்குள் மட்டும் உயிரோடு இருந்தாள். அவனுக்கு ஓடிப்போய் அந்த ஜெர்மன் கண்ணாடியை முத்தமிட வேண்டும்போல இருந்தது.

"அப்ப இது யாரு சார்?" என்றாள் தையல்கார அம்மாள், விடாமல்.

அக்கா முந்திக்கொண்டாள். "மேல நாட்டோட பேரு போட்டிருக்கில்ல? அதான் அது. அடுத்தாளு வாங்க."

பூதக்கண்ணாடி கிளம்பினார். வாசலில் நின்று, லென்ஸை மறுபடி எடுத்து, தபால்தலையின் விளிம்புப் பற்களை எண்ணினார். முகம் மலர்ந்தது. "கீழ் வரிசையில ஒரு பல்லு குறையுது. எழுதிப் போடுறேன்" என்றார். வந்த காரியம் வீணாகாத திருப்தியோடு போனார்.

அன்று மாலை வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. அக்கா அலுத்துப்போய் வந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள். ஒரு தாள்கூட மிஞ்சாமல் விற்றுத் தீர்த்த கதையையும், பக்கத்து சீட்டுக்காரன் மூன்று தபால்தலையின் பல்லை உடைத்த கதையையும் சொன்னாள். மாமா வாயைத் திறக்கும்போதெல்லாம் அக்காவின் கரண்டியிலிருந்து அவர் தட்டில் சோறு விழுந்தது.

மாடியில் அவன் தகவல் மடிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசி வரியில் அவன் பெயர் இருந்தது, எறும்பளவு எழுத்தில். பிழைத்துவிட்டான். வேலை பிழைத்தது, தபால்தலை பிழைத்தது, பெயரும் பிழைத்தது. ஆனாலும் இது அக்கா என்று இனி ஆயுசுக்கும் அவன் யாரிடமும் சொல்ல முடியாது. வரைந்ததிலேயே உருப்படியான ஒன்று. அதற்கும் மேலே ஒரு பொய்யை ஒட்டி மூடியாயிற்று. அவன் எதை வரைந்தாலும் அதன்மேல் ஏதோ ஒன்று வந்து உட்காருகிறது. கட்டக்காரனுக்குக் கட்டம்தான் விதித்தது போலும் என்று நினைத்தபடி விளக்கை அணைத்தான்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிறுக்கு முந்தின நாள், தபால்காரர் மாடிக்கு ஏறி வந்தார்.

"சார், கீழ் வீட்லேர்ந்து மேல் வீட்டுக்கு ஒரு தபால். பிரிக்கிற இடத்துல எல்லாரும் சிரிச்சாங்க."

உறையில் அக்காவின் கையெழுத்து. அவன் முகவரி. வலது மேல் மூலையில் அவனுடைய கட்டம், 'இங்கே ஒட்டவும்' என்று காலியாக இருந்தது. தபால்தலை அதன்மேல் இல்லை. பக்கத்தில், கட்டத்தின் கோட்டைத் தொடாமல், ஒரு நூலிழை விட்டு ஒட்டியிருந்தது. இருபத்தைந்து வருடத்தில் ஒரு தபால்தலையைக்கூட இடம் மாற்றி ஒட்டாதவள். முத்திரையையும் பார்த்துப் பதமாகக் குத்தியிருந்தாள். அவன் வரைந்த வளையம், அந்தப் பெண்ணின் பாதத்தை மட்டும் தொட்டுக்கொண்டு, முகத்தில் மை படாமல் நின்றது. கட்டம், தபால்தலை, முத்திரை. மூன்றும் ஓர் உறையில், ஒன்றை ஒன்று மறைக்காமல்.

வெகுநேரம் கழித்துத்தான் உறைக்குள்ளே ஏதாவது இருக்கும் என்ற எண்ணமே வந்தது. பிரித்தான். படிவத்தைக் கிழித்த ஒரு துண்டில் இரண்டு வரி.

'எனக்கு வலிப்பது வலது இடுப்பு. நீ இடது இடுப்பில் கை வைத்திருக்கிறாய். அடுத்த தடவை பார்த்து வரை.'

கீழே தெருக்கோடியில் ஹாரன் சத்தம் கேட்டது. அவன் மாடி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தான். அக்கா கேட்டில் நின்றிருந்தாள். ஒரு கை நெற்றியில். ஒரு கை இடுப்பில், வலது இடுப்புதான். அவன் பார்ப்பது தெரிந்தும் அவள் திரும்பவில்லை. ஆனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். லாரி வருவது நன்றாகத் தெரிந்த பிறகும் கையை இறக்காமல் இன்னும் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள்.

பிறகு தலையைத் தூக்காமலே கத்தினாள்.

"போதும்டா பார்த்தது! ரெண்டு குடத்த எடுத்துட்டு இறங்கி வா!"